ஆண்ட்ரூ பிளேக் நினைவு விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி: எலிக்கூண்டில் தொடங்கும் முழு வழிகாட்டி

நான் எழுதிய முதல் விண்ணப்பத்தில் 'அன்பு' என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. எண்ணிக் காட்டியவர் எங்கள் அனிமல் ஹவுஸின், அதாவது ஆய்வக விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் கூடத்தின், மூத்த டெக்னீஷியன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எல்லாம் சரி தம்பி, இதுல எலி எங்க இருக்கு?" என்றார். அதற்குள் நான் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன். தேர்வாகவில்லை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வழிகாட்டி முழுவதையும் எழுதுகிறேன். பிரிட்டனில் ஆய்வக விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். அமெரிக்காவில் இருந்தால் உங்கள் முன் இருப்பவை வேறு விருதுகள். ஆய்வக விலங்கு அறிவியல் சங்கம் நேதன் புரூவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருது தருகிறது. கனடாவின் ஹாரி ரவுசெல் பெயரிலும் ஒரு விருது உண்டு. அவற்றின் விதிகள் வேறு. ஆனால் ஒருவருடைய வேலையைக் காகிதத்தில் நிரூபிக்கும் வழி எங்கும் ஒன்றுதான்.

யார் இந்த ஆண்ட்ரூ பிளேக்

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத உட்கார வேண்டாம். விருதுக்குப் பெயர் தந்தவர் விஞ்ஞானியோ கால்நடை மருத்துவரோ இல்லை. அவர் ஒரு நோயாளி. ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா என்ற பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். நடை தடுமாறும், பேச்சு குழறும், கை சொன்னபடி கேட்காது, போகப்போக இதயமும் பாதிக்கப்படும். 'சீரியஸ்லி இல் ஃபார் மெடிக்கல் ரிசர்ச்' என்ற நோயாளிகள் அமைப்பை அவர் முன்னின்று நடத்தினார். மருத்துவ ஆராய்ச்சிக்கு விலங்குகள் இன்னும் தேவைப்படுகின்றன என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பொதுமேடையில் பேசியவர். அதற்காக மிரட்டல்களையும் சந்தித்தார். 2002ல் இறந்தார்.

அவர் நினைவாக ஏற்பட்ட விருது, ஆய்வக விலங்குகளின் நலனுக்காக உருப்படியாக ஒன்றைச் செய்த டெக்னீஷியன்களுக்குப் போகிறது. 1950ல் தொடங்கிய விலங்குத் தொழில்நுட்பர்களின் அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் அனிமல் டெக்னாலஜி ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நடத்தும் மாநாட்டில் இதை வழங்குகிறார்கள்.

விலங்கு ஆராய்ச்சி வேண்டும் என்று வாதாடியவரின் பெயரில் விலங்குகளின் வேதனையைக் குறைத்தவர்களுக்குப் பரிசா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அவருடைய நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய்க்குக் காரணமான ஃப்ராடாக்சின் மரபணு 1996ல் கண்டறியப்பட்டது. அது முழுவதும் இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே இறந்துவிடும். அதனால் சில திசுக்களில் மட்டும் அது இல்லாதபடி, அல்லது குறைவாக இருக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் சில வயதாக ஆகத் தடுமாறும். கூண்டின் மேலே கம்பித் தொட்டியில் தீனி இருக்கும், ஆனால் பின்னங்காலில் எம்பி நின்று கடிக்க முடியாது. இதை முதலில் கவனிப்பது யார்? காலை ஏழு மணிக்குக் கூண்டுகளைப் பார்வையிட வரும் டெக்னீஷியன்தான். தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி ஒரு தட்டில் கூண்டின் தரையிலேயே வைப்பதும், நீளமான மூக்கு உள்ள தண்ணீர் பாட்டிலை மாட்டுவதும் அவர் வேலைதான். அந்த நோய்க்கான முதல் மருந்துக்கு அமெரிக்கா 2023 பிப்ரவரியில் அனுமதி தந்தது.

படி 1: ஒரே ஒரு தொல்லையைப் பிடியுங்கள்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேயே சறுக்கிவிடுகின்றன. "எங்கள் கூடத்தில் விலங்கு நலனை மேம்படுத்தினோம்" என்று தொடங்கினால் அதில் எலி இல்லை. "வார இறுதியில் கூண்டு மாற்றிய மறுநாள் ஆண் சுண்டெலிகள் கடித்துக்கொண்டு முதுகில் புண்ணோடு கிடந்தன" என்றால் எலி வந்துவிட்டது.

அளவுகோல் மூன்று 'ஆர்'. 1959ல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் எழுதிய நூலிலிருந்து வந்தவை இவை: ரீப்ளேஸ்மென்ட், ரிடக்‌ஷன், ரிஃபைன்மென்ட். விலங்கே இல்லாமல் செய்ய முடியுமா, குறைந்த விலங்குகளில் முடியுமா, இருக்கும் விலங்குக்கு வேதனையைக் குறைத்துச் செய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகள். முதல் இரண்டும் பெரும்பாலும் ஆய்வாளர் கையில் இருப்பவை. மூன்றாவது டெக்னீஷியனின் ராஜ்ஜியம், அங்கேயே நில்லுங்கள். இருந்தாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். அந்த ஆண் சுண்டெலிகளின் சண்டையை நிறுத்தினால், புண்பட்டுச் சோதனையிலிருந்து நீக்கப்படும் விலங்குகள் குறையும், அவற்றுக்கு ஈடாகப் புதிதாக எடுப்பதும் குறையும். ரிஃபைன்மென்ட் போகிற வழியில் ரிடக்‌ஷனும் வந்து சேர்கிறது.

தொல்லையைத் தேட எங்கும் போக வேண்டாம். ஒரு வாரம் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூண்டைத் திறக்கும்போது உங்களுக்கே மனசு கொஞ்சம் சுருங்குகிறதோ அதன் எண்ணைக் குறியுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் கிடைத்துவிடும்.

படி 2: முன்பே தெரிந்ததைப் படியுங்கள், அனுமதி வாங்குங்கள்

அந்தச் சண்டை விஷயத்துக்கு ஏற்கெனவே ஒரு விடை உண்டு. கூண்டு மாற்றும்போது பழைய மரத்தூளைக் கொஞ்சம் புதுக் கூண்டில் போட்டால் பழகிய வாசம் எலியை அமைதிப்படுத்தும் என்று பலர் நம்பிச் செய்கிறோம். நானும் ஆண்டுக்கணக்கில் செய்தேன். ஆண் சுண்டெலிகளில் அது நேர்மாறாக வேலை செய்யும்: சிறுநீர் தோய்ந்த தூள் சண்டையைக் கூட்டும், கூடு கட்டிய பழைய காகிதத்தை மாற்றி வைத்தால் சண்டை குறையும். 2000ம் ஆண்டிலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். இதை நீங்களே கண்டுபிடித்ததாக எழுதினால் நடுவர் சிரிப்பார். தெரிந்த ஒன்றை உங்கள் கூடத்தில், உங்கள் இன எலிகளில், உங்கள் வேலை நேரத்துக்குள் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள். அதுவும் சாதனைதான்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பிரிட்டனில் 1986ம் ஆண்டின் விலங்குச் சோதனைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு கூடத்திலும் பராமரிப்பு, நலப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், நாக்வோ என்று சுருக்கிச் சொல்வோம். கால்நடை மருத்துவரும், நலன் மற்றும் நெறிகளைப் பார்க்கும் குழுவும் உண்டு. எதை மாற்றினாலும் முதலில் இவர்கள் காதில் போடுங்கள். நடந்துகொண்டிருக்கும் சோதனையின் பாதியில் படுக்கையையோ கையாளும் முறையையோ மாற்றினால் அந்த ஆய்வின் முடிவே குழம்பிப்போகலாம். அந்த ஆய்வாளரையும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் விண்ணப்பத்தில் தேதி போட அதுதான் ஆதாரம்.

படி 3: மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

எனக்கு ஒரே ஒரு படி சொல்லத்தான் இடம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். நல்ல மனசு உள்ளவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எலி கஷ்டப்படுவதைப் பார்த்தவுடன் மாற்றிவிடுவார்கள், எலிக்கு நல்லதே நடக்கும். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அவர்களிடம் எதுவும் எஞ்சாது. எலி வேதனையில் இருந்தால் காத்திருக்கக் கூடாது, அது வேறு கதை, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்றபடி இரண்டு வாரம் பழைய முறையிலேயே போகட்டும். அந்த இரண்டு வாரமும் எண்ணுங்கள்.

எதை எண்ணுவது? உங்கள் கேள்விக்கு நேரான ஒன்றிரண்டு போதும். சண்டை என்றால் புண் உள்ள விலங்குகள் எத்தனை, எந்த இடத்தில் புண். அறுவைக்குப் பிந்தைய வலி என்றால் 2010ல் வெளியான சுண்டெலி முகச்சுளிப்பு அளவை இருக்கிறது. கண் சுருங்குவது, மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட வேண்டும். குளிர் என்றால் கூட்டின் வடிவத்தைப் பாருங்கள். மனிதருக்கு இதமான 20 முதல் 24 டிகிரி வரை உள்ள அறை சுண்டெலிக்குக் குளிர். அதற்கு இதமானது சுமார் 30 டிகிரி. எட்டு முதல் பத்து கிராம் சுருள் காகிதம் கொடுத்தால், மேலே கூரை மூடிய கிண்ணம்போலக் கட்டி உள்ளே சுருண்டுகொள்ளும். இரண்டு கிராம் கொடுத்தால் தட்டையாகப் பரப்பிவைக்கும், வேறென்ன செய்யும் பாவம். காலையில் கூண்டைத் திறக்காமலே கூட்டுக்கு மதிப்பெண் போட்டுவிடலாம், செலவே இல்லாத அளவீடு அது.

ஒரு எச்சரிக்கை. ஒரு கூண்டில் ஐந்து எலிகள் இருந்து நீங்கள் மாற்றியது கூண்டை என்றால், அந்தக் கூண்டை ஒன்றாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், ஐந்தாக இல்லை. நான்கு கூண்டுகளை வைத்துக்கொண்டு "இருபது விலங்குகளில் சோதித்தோம்" என்று எழுதியவரை நடுவர் குழுவில் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்.

படி 4: மாற்றிப் பாருங்கள் (வாலைப் பிடிக்காத கதை)

நான் நன்றாக அறிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் பழைய வழக்கம். விரைவானது, எல்லோருக்கும் கைவந்தது. 2010ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் மூன்று இனச் சுண்டெலிகளில் இதைச் சோதித்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகள் கையை நெருங்க மறுத்தன, பயத்தில் அதிகம் மலம், சிறுநீர் கழித்தன, பதற்றத்தை அளக்கும் சோதனைகளில் அதிகப் பதற்றம் காட்டின. குழாயில் நுழையவிட்டோ உள்ளங்கைக் குழியிலோ தூக்கியவை தாமாகவே நெருங்கி வந்தன.

செய்முறை இதோ. சுமார் 5 செ.மீ. விட்டம், 13 முதல் 15 செ.மீ. நீளம் உள்ள ஒளிபுகும் அக்ரிலிக் குழாய் ஒன்றைக் கூண்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள். அது எலியின் சொந்தப் பொருளாகிவிடும். தூக்க வேண்டிய நேரத்தில் குழாயைக் கூண்டுச் சுவரை ஒட்டித் தரையில் கிடத்துங்கள். மறு கையைக் குவித்து, எலியின் பின்னாலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தால் அது தானே குழாய்க்குள் போகும். துரத்தக் கூடாது. துரத்தினால் கூண்டைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடும், நீங்களும் பொறுமை இழந்து கடைசியில் வாலைப் பிடிப்பீர்கள். உள்ளே போனதும் குழாயைக் கிடைமட்டமாகவே தூக்குங்கள். பழகாத எலி வெளியே குதிக்கப் பார்க்கும், இரு முனையையும் கையால் லேசாக மறைத்தால் போதும். இறக்கும்போது குழாயைப் புதுக் கூண்டின் தரைக்குத் தாழ்த்திச் சற்றுச் சாய்த்தால் பின்பக்கமாக நழுவி இறங்கிவிடும்.

முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். எனக்கு ஒரு ரேக்கை, அதாவது கூண்டுகள் அடுக்கிய ஒரு தாங்கியை, முடிக்க வழக்கத்தைவிட நெடுநேரம் பிடித்தது, பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஒரு வாரத்தில் எலிகளே குழாய்க்குள் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கின. கூண்டு மாற்றும்போது கிடைக்கும் ஓரிரு நொடிப் பழக்கமே போதும் என்று அதே லிவர்பூல் குழு 2019ல் காட்டியது. ஊசி போடவோ பாலினம் பார்க்கவோ பிறகு சற்று நேரம் வாலின் அடியைப் பிடித்தாலும் குழாயின் பலன் கெடுவதில்லை. "நேரம் இல்லை", "எப்படியும் வாலைப் பிடிக்கத்தானே போகிறோம்" என்று சக ஊழியர்கள் சொல்லும்போது இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இதை அளப்பதும் எளிது. குழாயைக் கையில் பிடித்துக் கூண்டின் ஒரு பக்கமாக 60 நொடி அசையாமல் வையுங்கள். அதில் எத்தனை நொடி எலி நெருங்கி முகர்ந்தது, ஏறியது, உள்ளே போனது என்று எண்ணுங்கள். எந்தக் கூண்டுக்கு எந்த முறை என்பதை நீங்களே தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். சாதுவான எலிகளைப் புது முறைக்கு ஒதுக்க நம் கை தானாகவே போகும். வீடியோ எடுத்து, எது எந்தக் கூண்டு என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. முடிந்தவரை ஒரே ஆள் கையாளட்டும். அறையில் ஆண்கள் இருந்தாலே அந்த வாசத்தில் எலிகளின் வலி வெளிப்பாடு மாறுகிறது என்று 2014ல் ஒரு ஆய்வு வந்தது. பூசும் சென்ட்டையும் அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

படி 5: எழுதுங்கள்

முதலில் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். பக்க அளவு, கடைசித் தேதி, யார் விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாநாட்டுக்குச் சில மாதம் முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கோடையிலேயே எண்ணத் தொடங்கியிருந்தால்தான் நிம்மதி.

என் பழைய விண்ணப்பத்தின் ஒரு பத்தி இப்படி இருந்தது: "விலங்குகள் மீது எங்கள் குழு கொண்டுள்ள ஆழ்ந்த அன்பின் வெளிப்பாடாக, புதிய கையாளும் முறையை வெற்றிகரமாக அறிமுகப்படுத்தி, விலங்குகளின் மன அழுத்தத்தைக் கணிசமாகக் குறைத்தோம்."

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன், எண்கள் வெறும் உதாரணத்துக்கு: "ஜூன் 3 முதல் 14 வரை, 12 கூண்டுகளில் வாலைப் பிடித்தே தூக்கினோம். 60 நொடியில் எலி கையை நெருங்கியது சராசரியாக 5 நொடி. ஜூன் 17 அன்று குலுக்கல் முறையில் 6 கூண்டுகளைக் குழாய்க்கு மாற்றினோம். நான்காம் வாரத்தில் அந்த 6 கூண்டுகளில் 24 நொடி, மற்றவற்றில் 6 நொடி. ஒரு கூண்டில் மாற்றம் இல்லை. அதில் இருந்தவை முன்பு அறுவை செய்யப்பட்டவை." முதல் பத்தியில் நான் இருந்தேன், இரண்டாவதில்தான் எலி இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். கேட்காதீர்கள். சரியாக வராத கூண்டைப் பற்றியும் எழுதுகிறவரைத்தான் நடுவர் நம்புவார்.

வரிசை சாதாரணமாகவே இருக்கட்டும்: என்ன தொல்லை, முன்பு எப்படி, என்ன செய்தோம், பின்பு எப்படி, எவ்வளவு செலவு, வேறு யாராவது எடுத்துச் செய்தார்களா. செலவை மறக்காதீர்கள். ஒரு குழாயின் விலையும் அதைக் கழுவ ஆகும் நேரமும் அடுத்த கூடத்தின் மேலாளருக்குத் தேவைப்படும் விவரங்கள். விலங்கின் இனம், வகை, பாலினம், வயது, எண்ணிக்கை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கான அரைவ் நெறிமுறையின் 2020ம் ஆண்டுப் பதிப்பில் முக்கியமான பத்து அம்சங்கள் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்தால் எதுவும் விடுபடாது.

மொழி நடை பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர்களுக்கு ஒரு தயக்கம், பெரிய சொல்லாகத் தேடுவோம். நடுவர்களில் பலரும் கூண்டு கழுவிய கைக்காரர்கள்தான். அண்ணனுக்கு வேலை நேரத்தில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதிவிட்டு, அப்புறம் இலக்கணத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 6: கூட வைக்க வேண்டியவை

படம் இரண்டு போதும்: முன்பு, பின்பு. படம் எடுக்க நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அறை எண், கூண்டு அட்டை, ஆய்வாளர் பெயர், சக ஊழியர் முகம் எதுவும் தெரியக் கூடாது. பிளேக்குக்கு வந்த மிரட்டல்களை நினைத்துக்கொண்டால் ஏன் என்று புரியும்.

ஆதரவுக் கடிதம் சேர்க்க இடம் இருந்தால் இயக்குநரிடம் போகாதீர்கள். அவர் "கடின உழைப்பாளி" என்று எழுதித் தருவார். கால்நடை மருத்துவரிடமோ, உங்கள் மாற்றத்தால் வேலை எளிதான ஆய்வாளரிடமோ கேளுங்கள். "புண்ணுக்காக என்னை அழைப்பது குறைந்துவிட்டது" என்று மருத்துவர் எழுதும் ஒரு வரிக்கு இருக்கும் எடையே தனி.

கூட்டாகச் செய்த வேலை என்றால் எல்லார் பெயரையும் போடுங்கள், அல்லது யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். இரவு வேளையில் வந்து வீடியோ எடுத்தவரை விட்டுவிட்டு விருது வாங்கினால் அடுத்த நாள் தேநீர் அறைக்குள் போக முடியாது.

ஊரில், இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் இந்த முறையை அப்படியே பயன்படுத்தலாம். அங்கே நிறுவன விலங்கு நெறிக் குழு இருக்கிறது. அதன் கூட்டக் குறிப்பில் உங்கள் மாற்றம் ஒரு வரியாகப் பதிவானால், பின்னால் எந்த விருதுக்கும் பதவி உயர்வுக்கும் காட்ட ஒரு சான்று கையில் இருக்கும். கேட்டு எழுதவையுங்கள்.

அனுப்பிய பிறகு

முடிவு எப்படி வந்தாலும் அதை ஒரு போஸ்டராக்கி மாநாட்டில் ஒட்டுங்கள். அந்த அமைப்பின் 'அனிமல் டெக்னாலஜி அண்ட் வெல்ஃபேர்' இதழுக்கும் ஒரு கட்டுரையாக அனுப்பிப் பார்க்கலாம். எனக்குக் கிடைத்த நல்ல திருத்தங்கள் எல்லாம் போஸ்டர் முன்னால் காபிக் கோப்பையோடு நின்றவர்களிடமிருந்துதான் வந்தன.

இன்னொரு வேலை பாக்கி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை இல்லாவிட்டாலும் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். வார இறுதியில் ஆள் குறைவு, அவசரம், மாற்றாள் வந்திருப்பார். நான் போன அன்று குழாய்கள் எல்லாம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் அடுக்கிக் கிடந்தன. அந்தப் பையன் எலிகளை வாலைப் பிடித்து மாற்றிக்கொண்டிருந்தான். குழாய் எதற்கென்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்று முதல் ரேக்கிலிருந்து தொடங்கினோம்.